வரத்து

எடை மெஷினில் ஏறி நின்ற வைத்திலிங்கத்துக்கு முள் அறுபத்து மூன்று காட்டியது. டயாலிசிஸ் டெக்னீஷியன் தேவசகாயம் குனிந்து பார்த்துவிட்டு, "எறங்கி ஏறுங்க பெரியவரே" என்றார். இறங்கி ஏறினார். மெஷினுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. அதே அறுபத்து மூன்று.

"செவ்வாக்கெழம இங்கேருந்து போவும்போது எத்தினி?"

"அம்பத்தெட்டு சார்" என்றாள் மருமகள் சகாய பிரியா. நோட்டைப் பிரிக்காமலே சொன்னாள்.

"மூணு நாளு. அஞ்சு கிலோ. இவரு ஒன்னுக்குப் போறது ஒரு நாளைக்கு ஒரு டம்ளரு. உள்ள போற தண்ணி எங்கம்மா போவும்? ஒடம்புலதான் நிக்கும். காலப் பாருங்க." கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது, விழுந்த குழி அப்படியே நின்றது. "இன்னிக்கு கால்ல நிக்குது. இப்பிடியே போனா நெஞ்சுல ஏறும். நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சின்னா சேத்தியாத்தோப்புலேருந்து சிதம்பரம் வர்ற வரைக்கும் தாங்க மாட்டாரு. ஒரு நாளைக்கு முக்கா லிட்டருன்னு எழுதிக் குடுத்திருக்கு. இவருக்கு வூட்டுல தண்ணி குடுக்கறது யாரு?"

வைத்திலிங்கத்தின் மனைவி தைலம்மாள் திரும்பி மருமகளைப் பார்த்தாள். அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டு படுத்திருந்தவரும் தலையைத் தூக்கி சகாய பிரியாவைப் பார்த்தார். தேவசகாயமும் பார்த்தார். மூன்று பேர் பார்த்த பிறகு அந்தப் பெண்ணுக்குத் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்றைக்கு நாலு கிலோதான் எடுக்க முடிந்தது. அதற்கு மேல் எடுத்தபோது வைத்திலிங்கம் ஆடுசதை இழுத்துக்கொள்ள அலறிவிட்டார். ஐம்பத்தொன்பதோடு நிறுத்தி அனுப்பிவிட்டார்கள்.

இது 2010, புரட்டாசி. வைத்திலிங்கம் பொதுப்பணித்துறையில் லஸ்கர். ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்காலின் ஷட்டரை ஏற்றுவது இறக்குவது, கேஜில் தண்ணீர் எத்தனை அடி என்று பார்த்துக் காலையிலும் மாலையிலும் ஆபீசுக்குச் சொல்வது, கரையில் எலி வளை இருக்கிறதா என்று நடந்து பார்ப்பது. இருபத்தெட்டு வருஷமாக அதுதான் வேலை. ஷட்டர் திருகியைச் சுற்றிச் சுற்றி வலது கை இடது கையைவிடப் பருமன். அந்த இடது கையில்தான் இப்போது டயாலிசிசுக்காக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தொட்டால் உள்ளே தேனீ பறப்பதுபோல அதிரும். முழங்கால் வலிக்கென்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்கிய மாத்திரையும், பார்க்காமலே விட்ட பிபியும் சேர்ந்து இரண்டு சிறுநீரகத்தையும் முடித்துவிட்டன என்று டாக்டர் சொன்னார். மெடிக்கல் லீவில் ஏழு மாசமாக வீட்டில் இருந்தார்.

தைலம்மாள் நல்லவள்தான். ஆனால் சந்தேகம் பிடித்தவள். பால்காரன் தண்ணீர் கலக்கிறான், ரேஷன் கடைக்காரன் தராசில் கை வைக்கிறான், கேபிள்காரன் வேண்டுமென்றே அவள் பார்க்கிற நேரத்தில் ஒயரைப் பிடுங்குகிறான். இப்படி ஊர் முழுக்கச் சில்லறையாகச் செலவாகிக்கொண்டிருந்த சந்தேகம், மகன் திருநாவுக்கரசு கடலூர் முதுநகரிலிருந்து ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்ததும் மொத்தமாக ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது. மகனுக்கு வேலை பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில். ஷிப்டு முடிந்து வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வருவான். வருகிற இரண்டு நாளும் தூங்குவான்.

சகாய பிரியா உள்ளூர் மெட்ரிகுலேஷன் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற டீச்சர். மாமனாருக்குச் சமைப்பதை அவள்தான் எடுத்துக்கொண்டாள். கத்தரிக்காயோ கேரட்டோ, நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேறு தண்ணீரில் வேகவைத்துத்தான் தாளிக்க வேண்டும். உப்பு கிடையாது. கீரை, இளநீர், வாழைப்பழம் கிடையாது. புளி கொஞ்சம். எதிர் வீட்டில் கருவாடு வறுத்தால் வைத்திலிங்கம் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீருக்கு முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்று. காலையில் நிரப்பி வைத்தால் மறுநாள் காலை வரைக்கும் அதுதான். மாத்திரைக்கும் அதுதான், காப்பிக்குப் போனது போக.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தைலம்மாள் நேராக மருமகளின் கைப்பையை எடுத்துக் கட்டிலில் கவிழ்த்தாள். பேனா, விடைத்தாள் கட்டு, ஜெபமாலை, சீப்பு. கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில் உருண்டது.

"என்னாது இது?"

"வேளாங்கண்ணித் தீர்த்தம் அத்த. எங்கம்மா குடுத்தாங்க."

"எனக்குத் தெரியும்டி. எனக்குத் தெரியும். மந்திரிச்ச தண்ணிய மனுசனுக்கு ஊத்திக்கினு இருக்க. டாக்டரு தண்ணி ஆவாதுங்கறாரு, நீ தீர்த்தம் குடுக்கற."

"குடுக்கல அத்த. ராத்திரி தூங்கும்போது தலவாணியில ஒரு சொட்டு தொட்டு வெச்சேன். அதுவும் ரெண்டு நாளுதான்."

"தொட்டு வெச்சியா, ஊத்திக் குடுத்தியா, அத யாரு பாத்தா?"

"இது நூறு மில்லி பாட்டிலு அத்த. இதுல அஞ்சு கிலோ எப்பிடி வரும்?"

கேள்வி நியாயமானது. நியாயமான கேள்வி தைலம்மாளுக்கு இன்னும் கோபத்தைத்தான் கொடுத்தது. "கணக்கு டீச்சரு மாதிரி என்னயே மடக்குறியா? திருவதிகையில வேண்டிக்கினு பொறந்த புள்ள எம்புள்ள. அங்க பாடுன நாயனாரு பேரத்தான் வெச்சிருக்கேன். அந்தக் கோயில்ல அவரு வயித்துச் சூல நோவே தீந்துச்சிம்பாங்க. எம்புருசன அந்தச் சாமி பாத்துக்கும். நீ இனிமே அடுப்படிக்கு வராத. அவருக்கு ஆக்கறதும் நானு, ஊத்தறதும் நானு. செவ்வாக்கெழம எட பாக்கட்டும். நான் ஆக்கிப் போட்டு எட கொறஞ்சிதுன்னா, நீ பெட்டியத் தூக்கிக்கினு முதுநகருக்குப் போயிடு. அரசுவே வந்து கொண்டாந்து வுடுவான்."

கட்டிலில் படுத்திருந்த வைத்திலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சகாய பிரியா அழுதாள். அழுது முடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, தலைமையாசிரியை வீட்டுக்கு நடந்தாள். பள்ளியில் மாணவர்களுக்கு எடை பார்க்கிற மெஷின் ஒன்று உண்டு. காலாண்டு லீவு விட்டுவிட்டதால் சும்மாதான் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, பள்ளி ஆயாவின் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தாள். எடையை வைத்துத்தான் தன்னைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறார்கள். எடையை வைத்தே வெளியே வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. இந்தப் பெண்ணிடம் எனக்குப் பிடித்தது இதுதான்.

"இது எதுக்கு?" என்றாள் தைலம்மாள்.

"தெனம் எட பாத்து எழுதிக்கினு வரணுமாம் அத்த. நீங்க ஆக்கிப் போடறதும் இதுல தெரியுமில்ல."

அந்தக் கடைசி வார்த்தை தைலம்மாளுக்குப் பிடித்திருந்தது. "வெய்யி" என்றாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வைத்திலிங்கம் மெஷினில் ஏறினார். ஐம்பத்தொன்பது நானூறு. காப்பி குடித்த பிறகு ஏற்றினாள். ஐம்பத்தொன்பதரை. இரண்டு இட்லி தின்ற பிறகு ஏற்றினாள். கொஞ்சம் கூடியது. "நான் என்னா நெல்லு மூட்டையா?" என்று அவர் முணுமுணுத்தார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரமும் எடையுமாக அவள் எழுதிக்கொண்டே வந்தாள். அவருக்கே பழக்கமான வேலைதான் அது, கேஜ் பார்த்து எழுதுவது. அதனால் அதிகம் பேசவும் முடியவில்லை.

எட்டரை மணிக்குத் தைலம்மாள் வெந்நீரை விளாவி, பக்கெட்டை விளிம்பு வரை நிரப்பி, சொம்பையும் போட்டுக் குளியலறையில் வைத்தாள். மருமகள் கை அந்தத் தண்ணீரில் படக்கூடாது என்பது இரண்டு மாசத்து உத்தரவு. வைத்திலிங்கம் தகரக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. தைலம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள்.

அவர் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தபோது சகாய பிரியா மெஷினோடு நின்றாள்.

"குளிச்சதுக்கும் எடயா?"

"ஏறுங்க மாமா."

ஏறினார். அவள் குனிந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள். அறுபது எண்ணூற்றைம்பது. குளிக்கப் போவதற்கு முன் ஐம்பத்தொன்பது அறுநூறு.

"துண்டு ஈரமா இருக்கும்" என்றார்.

"துண்டுல ஒன்னே கால் கிலோ ஈரமா மாமா?"

அவர் இறங்கினார். நாற்காலியில் போய் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

"குளிச்சா எட ஏறுமா?" அவள் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். "சொல்லுங்க. சொம்பால மொண்டு குடிச்சீங்களா?"

"தாகம்மா."

"தாகம்னா ஒரு வாய் குடிப்பாங்க. ஒன்னேகால் லிட்டரு குடிப்பாங்களா? எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா" என்றார். பிறகு தலையைத் தூக்கினார். தாகம் என்று சொன்னது பொய் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "நீ படிச்ச பொண்ணு. நான் சொல்றதக் கேளு. மதவுக்கு முன்னாடி வண்டலு சேந்துடும். சேந்துச்சின்னா என்னா பண்ணுவோம்? மணல்போக்கின்னு அடியில ஒரு கண்ணு இருக்கும். தண்ணிய நல்லா நெஞ்சு மட்டத்துக்குத் தேக்கி, அதத் தொறந்து வுடுவோம். வர்ற வேகத்துல வண்டல அரிச்சிக்கினு போயிடும். மம்புட்டி போட்டு வாரத் தேவயில்ல. பத்து வருசத்துக்கு முன்னாடி எனக்கு கல்லு வந்துச்சி. அந்த டாக்டரே என்னா சொன்னாரு? தெனம் மூணு லிட்டரு குடின்னாரு. குடிச்சேன். கல்லு வுழுந்துடுச்சி. இப்ப வடிகட்டி கெட்டுப்போச்சிங்கறாங்க, தண்ணி குடிக்காதங்கறாங்க. அடச்ச வடிகட்டிய தண்ணி வுடாம எப்பிடிக் கழுவறது? இவுங்க தப்பாச் சொல்றாங்கம்மா. நாள் முழுக்க சொட்டுச் சொட்டாக் குடிச்சா வேகம் இருக்காது. ஒரே தடவயில குடிச்சாத்தான் அரிக்கும்."

சகாய பிரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

"அத்த என்னயத் திருடி மாதிரி பாக்கறாங்க. ஆஸ்பத்திரியில எல்லாரும் பாத்தாங்க. நேத்து என் பைய கவுத்தாங்க. நீங்க செவுத்தப் பாத்துக்கினு படுத்திருந்தீங்க."

அவர் துண்டின் நுனியை முறுக்கினார்.

"மாமா."

"ஐப்பசியில வெள்ளம் வந்துடும். அதுக்குள்ள கொணமாயி டூட்டிக்குப் போயிட்டா, எல்லாம் தன்னால சரியாப் போயிடும்னு நெனச்சேன். அப்ப சொல்லிக்கலாம்னு…"

எவ்வளவு பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டு இன்னொருவர் தலையில் பழியை ஏற்றிவிட்டுப் படுத்திருக்கிறார்கள். அவளுக்கும் அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. ஆனாலும் காலண்டர் தாளைத் திருப்பி, பேனாவை எடுத்தாள். வேறு என்ன செய்வது, அவள் டீச்சர்.

"சிறுநீரகம் எங்க இருக்கு, காட்டுங்க."

அவர் அடிவயிற்றைத் தொட்டார்.

"அது மூத்திரப்பை. சிறுநீரகம் முதுவுப் பக்கம். கடைசி விலா எலும்புக்கிட்ட, முதுவெலும்புக்கு ரெண்டு பக்கமும். ஒன்னொன்னும் கை முட்டி அளவு. ஒவ்வொன்னுக்குள்ளயும் பத்து லட்சம் வடிகட்டி இருக்கு மாமா."

"முட்டி அளவுல பத்து லட்சமா?"

"கண்ணுக்குத் தெரியாத அளவு. ஒவ்வொன்னும் ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணத்துக்குள்ள நூல்கண்டு மாதிரி ரத்தக் குழா சுருண்டு கெடக்கும். ரத்தம் அதுக்குள்ள அழுத்தமா வரும்போது தண்ணி, உப்பு, சர்க்கர, கழிவு எல்லாம் கிண்ணத்துல வடிஞ்சிடும். ரத்த அணு பெரிசு, அது வடியாது."

"ஒரு நாளைக்கு எத்தினி வடியும்?" லஸ்கரின் கேள்வி அது.

"நூத்தியெம்பது லிட்டரு."

"போம்மா."

"மாதா மேல சத்தியமா. நம்ம பக்கெட்டால பன்னெண்டு பக்கெட்டு."

வைத்திலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழு மாசத்தில் அவர் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. "நல்லா இருக்கற மனுசன் ஒன்னுக்குப் போறது ஒன்றர லிட்டரு. மிச்சம் எங்க போவுது?"

"அந்தக் கிண்ணத்துலேருந்து ஒரு குழா கெளம்பி வளஞ்சி வளஞ்சி போவும். போற வழியிலயே வேண்டிய தண்ணி, வேண்டிய உப்பு, சர்க்கர எல்லாத்தயும் ரத்தம் திரும்ப இழுத்துக்கும். வேண்டாதது மட்டும் மூத்திரப்பைக்கு வரும். ஒடம்புல உப்பு ஜாஸ்தியா, தண்ணி கொறச்சலா, எல்லாம் பாத்து அதுக்குத் தக்கன விடும். பிபியும் அதுதான் பாத்துக்குது. ரத்தம் ஊறச் சொல்லி எலும்புக்குத் தகவல் அனுப்பறதும் அதுதான். அது கெட்டதாலதான் நீங்க இப்பிடி வெளுத்துக் கெடக்கறீங்க."

"எங்க ஆபீசுல இதுக்கு நாலு இன்ஜினீயர் போடுவாங்க" என்றார். அப்புறம் விட்ட இடத்தைப் பிடித்தார். "செரி. அந்தக் கிண்ணந்தான அடச்சிக்கிச்சி?"

"அடைக்கல. தழும்பாயிடுச்சி. காயம் ஆறுன எடத்துல தோலு கெட்டியாவுமில்ல, அந்த மாதிரி. கல்லு வந்தப்ப வடிகட்டி நல்லா இருந்துச்சி. கல்லு கீழ குழாயில நின்னுச்சி. மேலேருந்து வந்த தண்ணி தள்ளி வுட்டுடுச்சி. இப்ப வடிகட்டியே இல்ல. தண்ணி அதுக்குள்ள போவவே போவாது."

"புஸ்தகத்துல போட்டிருக்கறத நீ சொல்ற" என்றார். நம்பவில்லை. இருபத்தெட்டு வருஷம் தண்ணீரைப் பார்த்தவரிடம் படத்தைக் காட்டினால் எப்படி நம்புவார்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "ரெண்டாயிரத்து எட்டுல வெள்ளம் வந்துச்சே. நான் அப்ப கல்யாணமாயி வந்த புதுசு. நீங்க மூணு நாளு வூட்டுக்கு வரல. அன்னிக்கு மதவுல என்னா ஆச்சி?"

"அத ஏன் கேக்கற. ஆகாயத்தாமர ஒரு ஏக்கருக்கு அடச்சிக்கினு வந்துச்சி. அதோட அடிச்சிக்கினு வந்த பனமரம் ரெண்டு கண்ணுலயும் குறுக்க வுழுந்துடுச்சி. ஷட்டர மேல தூக்கியும் தண்ணி போவல. பின்னால ஏறுது, ஏறுது, கர வழியற மாதிரி…"

"தண்ணி ஏறட்டும், வேகம் வந்து பனமரத்த அரிச்சிக்கினு போவட்டும்னு வுட்டீங்களா?"

"வுடுவாங்களா? தெக்குத் தெரு மொத்தமும் போயிருக்கும்."

"அப்ப என்னா பண்ணீங்க?"

"மேல் மதவுக்கு போனப் போட்டு, வரத்தக் கொற, வரத்தக் கொறன்னு கத்துனேன். அவன் ஷட்டர எறக்கனப்பறந்தான்…"

அவர் நிறுத்திக்கொண்டார். காலை நீட்டி, தேவசகாயம் அழுத்திய இடத்தைத் தானே அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. அது எழும்பி வருவதற்காகக் காத்திருந்தார். வெகுநேரம் வரவில்லை.

"கரையில ஊத்து அடிக்குது. ஒடயறதுக்கு முன்னாடி இப்பிடித்தான்" என்றார் மெதுவாக. அவர் பயந்துபோனது அப்போதுதான்.

தெருவில் குடம் தளும்புகிற சத்தம் கேட்டது. "அத்தக்கிட்ட சொல்லிடாத" என்று அவசரமாகச் சொன்னார். "அவ தாங்க மாட்டா. நானே சொல்றேன். செவ்வாக்கெழம எட கொறஞ்சப்பறம் நானே சொல்லிடறேன். இனிமே ஒரு சொட்டு குடிக்க மாட்டேன்."

சகாய பிரியா அவரை நம்பவில்லை. இந்த வீட்டுக்கு வந்து அவளும் சந்தேகப்படக் கற்றுக்கொண்டிருந்தாள். ஞாயிறும் திங்களும் குளித்து வந்தவுடன் மெஷினில் ஏற்றினாள். எடை ஏறவில்லை. அவர் உதடு வெடித்து, நாக்கு ஒட்டிக்கொண்டு கிடந்தார். ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டு அடக்கிக்கொண்டார். ஆனால் சொம்பைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் சிதம்பரம் போனார்கள். திருநாவுக்கரசும் வந்திருந்தான். அம்மா போன் செய்து வரச் சொல்லியிருந்தாள். வரும்போதே மனைவியின் துணிப்பையை அவன் தூக்கிக்கொண்டு வந்ததைச் சகாய பிரியா பார்த்தாள். அதைத் தூக்குவதற்கு அவனுக்குக் கை வந்ததே என்று மட்டும் நினைத்தாள்.

மெஷின் முள் அறுபத்தொன்றுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

"நாலு நாள்ல ரெண்டு சொச்சம்" என்றார் தேவசகாயம். "போன வாரம் இதே நாலு நாளைக்கு ஆறு கிலோ. பரவால்லியே பெரியவரே. என்னா மாத்துனீங்க?"

தைலம்மாள் இதற்காகத்தான் நாலு நாளாகக் காத்திருந்தாள். "ஆளு மாத்துனேன் சார்" என்றாள், வார்டு முழுக்கக் கேட்கும்படி. "அடுப்படியில ஆளு மாத்துனேன். வெள்ளிக்கெழம ராத்திரிலேருந்து நான் ஆக்கிப் போட்டேன், நான் ஊத்துனேன். கொறஞ்சிடுச்சி. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்? தீர்த்தம் குடுத்து மனுசனக் கொல்லப் பாத்தா. அரசு, நீ இன்னிக்கே இவள கடலூர் பஸ்சுல ஏத்தி வுட்டுட்டு வா."

சகாய பிரியா மாமனாரைப் பார்த்தாள். அவர் கட்டிலில் படுத்து, கையை நீட்டி, ஊசி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் குழாய் வழியாகப் போய் மெஷினைச் சுற்றி வந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் குடிப்பதை நிறுத்தியதே அவளுக்கு எதிரான சாட்சியாகப் போய்விட்டது. சனிக்கிழமையே தெருவில் நின்று கத்தியிருக்க வேண்டும். இவருக்காக வாயை மூடிக்கொண்டோமே, நம்மைப் போல ஒரு பைத்தியம் உண்டா என்று நினைத்தாள்.

"போலாமா?" என்றான் திருநாவுக்கரசு, துணிப்பையை எடுத்துக்கொண்டு.

அவள் எழுந்தாள்.

"உக்காரும்மா" என்றார் வைத்திலிங்கம். கண்ணைத் திறக்காமல்தான் சொன்னார். "தைலா. தண்ணி குடிச்சது நானு. இந்தப் பொண்ணு ஒரு முழுங்குகூட அதிகமாக் குடுக்கல. குளிக்கும்போது குடிச்சேன். ரெண்டு மாசமா. கழுவி வுட்டா செரியாயிடும்னு குடிச்சேன். சனிக்கெழம அது கண்டுபுடிச்சிடுச்சி. அதுலேருந்து நிறுத்திட்டேன். அதான் எட கொறஞ்சிது."

தைலம்மாள் கணவனைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். "நல்லா சொல்லிக் குடுத்திருக்கா" என்றாள். "உங்களையே பேச வெச்சிட்டா பாருங்க. அவ செஞ்சதுக்கு நீங்க ஏத்துக்கறீங்களா? குளிக்கறப்ப தண்ணி ஏது குடிக்க?"

"பக்கெட்டுல மொண்டுதான் குடிச்சேன்."

"பக்கெட்டுல…"

"தெனம் வெளிம்பு வரைக்கும் ரொப்பி வெச்சது யாரு தைலா? அது கையே படக்கூடாதுன்னு சொன்ன தண்ணி."

தைலம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் உதடு ஏதோ கணக்குப் போடுவதுபோல அசைந்தது. பிறகு யாரிடமும் இல்லாமல் பேசினாள்.

"குடிக்கத்தான் வுட மாட்டேங்கறாங்க. குளிக்கவாவது திருப்தியாக் குளிக்கட்டும்னு… வாய் தளும்ப தளும்ப வெச்சேனே."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். தேவசகாயம் வந்து, "எழுந்திருங்கம்மா, இங்க உக்காரக் கூடாது" என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சகாய பிரியா அவளைத் தூக்கப் போகவில்லை. போக வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

நாலு மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். சேத்தியாத்தோப்பு பஸ் நிற்கிற இடத்தில் வைத்திலிங்கத்தைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, துணிப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மகன் அவர் பக்கத்தில் நின்றான். எதிர்ப்பக்கம் கடலூர் பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

தைலம்மாள் மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. "சனிக்கெழமயே தெரிஞ்சிருக்கு. நாலு நாளா நான் பேசனதெல்லாம் கேட்டுக்கினு இருந்திருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா அத்த?"

தைலம்மாள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

சகாய பிரியாவுக்கு அந்தப் பதிலில் எதுவோ கொஞ்சம் ஆறியது. மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட அவ்வளவு ஆறியிருக்காது. கணவனிடம் போய்த் துணிப்பையை வாங்கிக்கொண்டாள். அவன் கொடுக்காமல் இழுத்துப் பிடித்தான். "வுடுங்க" என்று சொல்லி வாங்கினாள்.

"ஏய், எங்க போற?" என்றாள் தைலம்மாள். "அதான் அவரே சொல்லிட்டாரே. வூட்டுக்கு வாடி."

"எங்கம்மாவப் பாத்துட்டு வரேன் அத்த. லீவுதான. மனசு செரியில்ல. மாமாவுக்குக் காய் ரெண்டு தடவ தண்ணி மாத்தி வேக வைங்க. வெந்நீர பாதி பக்கெட்டு வைங்க, குளிக்கும்போது கதவ சாத்த வுடாதீங்க. ஞாயித்துக்கெழம வந்துடுவேன்."

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிரைவர் ஏறி ஆரன் அடித்தான். தைலம்மாள் இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் புகுந்து, சேலை கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"ஞாயித்துக்கெழம எத்தினி மணி பஸ்சு?"

"தெரியல அத்த. காலயில சர்ச்சுல பூச இருக்கு. முடிஞ்சப்பறந்தான்."

"பன்னெண்டா, ஒன்னா?"

"தெரியலயே."

தைலம்மாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். வருவாளா மாட்டாளா என்று அதில் தேடினாள். ஒன்றும் பிடிபடவில்லை. பஸ் நகர ஆரம்பித்தது. கம்பியை விடாமல் கூடவே நடந்தாள்.

"செரி, எப்ப வேணா வா" என்றாள். "நான் காலயிலேருந்து கூட்டுரோட்டுலயே நிக்கறேன்."